ஜைனப் கலந்த எலும்புச் சாந்து

சிங்கப்பூரின் தெம்பனிஸில் குடியிருக்கும் ஜைனப், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினேழு வருடமாக டெக்னீஷியன். மற்றவர்களின் ஆராய்ச்சிக்குக் கரைசல் கலப்பாள், அளப்பாள், குறித்துவைப்பாள். எந்த ஆராய்ச்சியும் அவளை ஆட்டிப் படைத்ததில்லை, எலும்புச் சாந்து வரும்வரை.

கிருமி அரித்த எலும்பில் பள்ளம் விழுந்துவிடும். மருந்து கலந்த சாந்தை ஊசியால் செலுத்தி அதை அடைத்தால், சாந்து அங்கேயே இறுகும். மருந்து மெல்லக் கசிந்து கிருமியைக் கொல்லும். நாளடைவில் சொந்த எலும்பு வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இது டாக்டர் திவ்யதர்ஷினியின் திட்டம். ஆனால் ஊசிக்குள் போனதும் சாந்து தகராறு செய்தது. அழுத்தினால் தண்ணீர் மட்டும் வெளியே வந்தது. சாந்திலிருந்த மாவு உள்ளேயே கல்லாக அடைத்துக்கொண்டது. நாற்பது முறைக்கு மேல் கலந்து பார்த்தாயிற்று.

ஏர்கான் குளிர்காற்றில் கண் காய்வதால் ஜைனப்பின் பையில் எப்போதும் சொட்டு மருந்து இருக்கும். ஒரு மதியம் அதன் அட்டையைப் படித்தவள் அப்படியே நின்றாள். மருந்து கண்ணிலிருந்து வழிந்தோடாமல் இருக்க அதில் ஒரு செல்லுலோஸ் பசை சேர்த்திருந்தார்கள்.

“டாக்டர், தண்ணிய கொஞ்சம் கெட்டியாக்கிட்டா அது தனியா ஓடாதுல்ல?”

“மருந்து கசியுற வேகம் மாறிடுமேக்கா.”

“மாறினா அளந்து பாத்துடலாம் லா. அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

அன்று மாலையே பசை சேர்த்துக் கலந்து, கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளைச் சாந்து இடியாப்பம் போல அறுபடாமல் நூலாக வந்து தட்டில் சுருண்டது. உடனே இன்னொரு ஊசியை எடுத்தாள். அதுவும் வந்தது.

ஆறு வாரம் கசிவை அளந்தாள். மருந்து முதல் நாளே கொட்டிவிடாமல் சீராக வந்தது. கிருமி வளர்த்த தட்டில், சாந்து வைத்த இடத்தைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம். அதற்குள் கிருமியே இல்லை.

பிறகு முயல்கள். மயக்கம் கொடுத்து, தொடை எலும்பில் இட்ட சிறு துளைக்குள் சாந்தைச் செலுத்தினார்கள். பன்னிரண்டாம் வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். ஜைனப் உட்காரவே இல்லை.

“ஓரத்துல மட்டும் இல்லக்கா,” என்றாள் திவ்யதர்ஷினி, திரையைத் தொட்டபடி. “நடுவுலயும் புது எலும்பு வந்திருக்கு.”

“அடுத்த முயலப் போடுங்க டாக்டர். எல்லாத்தையும் போடுங்க.”

எட்டு முயல்களில் ஏழின் துளைகள் நிரம்பியிருந்தன.

வீடு திரும்ப எம்ஆர்டி ரயிலில் ஏறியதும் கணவர் ரவூபுக்குப் போன் போட்டாள். “வளந்துருச்சுங்க.”

“என்னது?”

“எலும்பு!”

“அப்ப மனுசங்களுக்கு எப்ப?”

“அதுக்கு இன்னும் பல வருசம் ஆகும். அடுத்தது ஆட்டுக்குப் போட்டுப் பாக்கணும். அந்த எட்டாவது முயலுக்கு ஏன் நிரம்பலன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேளுங்க...”

அவள் சொல்லி முடிப்பதற்குள் ரயில் அவள் இறங்கவேண்டிய தெம்பனிஸைத் தாண்டி, கடைசி நிறுத்தமான பாசிர் ரிஸில் போய் நின்றது.