மூணாம் பாடம் மனசிலாகல்ல, மிஸ்!

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் துறை ஆசிரியை. அன்றைக்கு என் வகுப்பறையில் நடந்தது ஒவ்வொரு வார்த்தையும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி எப்படிப் போகிறது, வழியில் அதற்கு என்னென்ன ஆகிறது என்பதுதான் பாடம். அதற்கு இருந்த புத்தகம் தலையணை கனம். திறந்தால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி, எனக்குத் தலைவலி. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், எளிய ஆங்கிலமும் நடுநடுவே தமிழ் விளக்கமுமாக ஒரு அறிமுகப் புத்தகத்தை நானே எழுதினேன். உதாரணமெல்லாம் நம்ம ஊர் உதாரணம். கல்லூரியும் ஒரு செமஸ்டர் நடத்திப் பாருங்கள் என்று சம்மதித்தது.

யாருக்குப் பொறுக்கவில்லையோ, "அது புத்தகமே இல்லை, பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய எழுதின நோட்ஸ். பிள்ளைகளுக்கு வாயில் ஊட்டிவிடுகிறார்" என்று மேலிடம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. செமஸ்டர் முடிவில் வெளியூரிலிருந்து பாடத்திட்டக் குழுவினர் வந்து மாணவர்களிடமே நேரில் கருத்துக் கேட்பார்கள் என்று முடிவானது. என்னுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் வேலை. துறைத் தலைவரான எச்.ஓ.டி. மேடம் என்னைக் கூப்பிட்டு, "புத்தகம் போச்சுன்னா, உங்கள வச்சிக்கிடச் சொல்லி நான் யாருகிட்டயும் பேச முடியாது, கேட்டியளா" என்று பட்டென்று சொல்லிவிட்டார். துபாயில் வேலை போய் என் கணவர் வீட்டுக்கு வந்து அப்போது பல மாதம் ஆகியிருந்தது. என் வேலையும் போனால் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே பயந்தோம்.

அன்று காலை சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் மாட்டிக்கொண்டு அசையவே இல்லை. ஆட்டோக்காரரும் லாரிக்காரரும் முகத்துக்கு முகம் நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்தபோது குழுவினர் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர், பேனாவும் கையுமாக ஒரு அம்மா, பின்னால் எங்கள் எச்.ஓ.டி. மேடம்.

முந்தின நாள் பிள்ளைகளிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன். "மனசுல உள்ளத சொன்னாப் போதும், மக்கா. நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன்." இந்த நேர்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுவே என் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

பேராசிரியர், "இந்தப் புத்தகத்தைப் பற்றி உங்க கருத்து என்ன?" என்று கேட்டார். முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி ஆரம்பித்தாள். "இந்தப் புத்தகம் கையில கிட்டுறதுக்கு முந்தி நான் நெட்வொர்க்குன்னாலே பயந்து கிடந்தேன். பேப்பர்ல தோத்துப் போவேன்னு அழுதேன். இப்ப எனக்கு ஒரு பயமும் இல்ல. மிஸ்ஸுக்கு நன்றி சொல்லுதேன்."

அவள் குரல் ஏறி இறங்கின விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சாட்சி சொல்கிறாள்! எங்கள் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் இது வழக்கம். ஒருவர் எழுந்து நின்று, முன்பு எப்படி இருந்தேன், பிறகு என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்லி, நன்றியோடு முடிப்பார். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். நாலு பெரியவர்கள் முன்னால் எழுந்து மனதில் உள்ளதைச் சொல் என்றால், அவர்களுக்குத் தெரிந்த முறை அதுதான். அதில் குறை சொல்ல இடமே கிடையாது. குறை சொன்னால் நன்றி கெட்டவர் என்று ஆகிவிடும்.

அடுத்த பையனும் அதையே சொன்னான். முந்தி இருட்டு, இப்ப வெளிச்சம். சர்ச் வாசலை மிதிக்காத பையன் ஒருவனும் எழுந்து, தெரு ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பழகின அதே ராகத்தில், முந்தி தோல்வி, இப்ப ஜெயம் என்றான். முடித்தவுடன் வகுப்பே தலையாட்டியது. பிள்ளைகள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். மிஸ்ஸைக் காப்பாற்றிவிட்டோம் என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒத்திகை நல்லா பண்ணியிருக்கீங்க மேடம்" என்றார். சிரிக்கவில்லை.

ஐயோ, இது ஒத்திகை இல்லை சார், இவர்கள் சாட்சி சொல்கிறார்கள் என்று சொன்னால் அவர் என்னை என்னவென்று நினைப்பார்? வாயில் ஊட்டிவிடுகிறேன் என்ற பேச்சுக்கு நானே ஆதாரம் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா ஏதோ எழுதினார். எச்.ஓ.டி. மேடம் தரையைப் பார்த்தார். வீட்டில் போய்க் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று அங்கேயே நின்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரு குறைகூடவா இல்லை?" என்று அவர் மறுபடியும் கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆண்டவரே, யாராவது ஏதாவது ஒரு சின்னக் குறையைச் சொல்லட்டும் என்று உள்ளுக்குள் வேண்டினேன். எழுத்து பொடியாக இருக்கிறது, அட்டை நன்றாக இல்லை, எதுவானாலும் சரி.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கடியப்பட்டணத்துப் பெண், மீன்பிடிக் குடும்பம். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் குரலை அதற்கு முன்பு வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

"சார், மூணாம் பாடம் எனக்கு மனசிலாகல்ல. எத்தனையோ தடவ படிச்சிட்டேன். மனசிலாகல்லன்னு இல்ல, மிஸ் எழுதியிருக்கதே தப்பு."

பக்கத்தில் இருந்தவள் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரி! இரிட்டி!"

அவள் உட்காரவில்லை. நான் கேட்டது சின்னக் குறை, வந்ததோ என் புத்தகத்தின் அடிமடியிலேயே கை வைக்கிற குறை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்ன, கோபத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மூன்றாம் பாடம் இதுதான். ஒரே கம்பியில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கும். இரண்டு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் இரண்டும் மோதிக் கெட்டுப்போகும். உடனே இரண்டும் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு அளவு நேரம் காத்திருந்து, மறுபடியும் அனுப்ப வேண்டும். இதற்கு நான் மார்த்தாண்டம் ஜங்ஷனை உதாரணமாக எழுதியிருந்தேன். இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டால் இரண்டும் பின்னால் போய், கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் வருவதைப்போல என்று. எழுதும்போது ரொம்ப அழகான உதாரணமாகத் தெரிந்தது.

"மார்த்தாண்டத்துல வண்டி முட்டினா யாரு சார் பொறத்தால எடுப்பாவ? எறங்கி நின்னு சண்டைதானே போடுவாவ?" என்றாள் அவள்.

வகுப்பு சிரித்துவிட்டது. எச்.ஓ.டி. மேடம்கூட வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மேம்பாலத்துக்குக் கீழே என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறேனே!

"சரி, நீ எழுதினா என்ன உதாரணம் எழுதுவ?" என்று பேராசிரியர் கேட்டார். இப்போது அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்திருந்தார்.

"வயர்லெஸ் செட்டு சார். எங்க அப்பா ஆழ்கடலுக்குப் போற போட்டுல உண்டு. கரையில எங்க வீட்டுப் பக்கத்துலயும் ஒண்ணு உண்டு. ஒருத்தர் பட்டன அமுக்கிப் பேசினா மத்தவங்க கேக்கணும். ரெண்டு பேரு ஒரே நேரம் அமுக்கினா ஒருத்தர் பேசுறதும் கேக்காது, கர்ருன்னு சத்தம்தான் வரும். ரெண்டு பேரும் விட்டுட்டுப் பொறுத்துப் பேசணும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி பொறுத்தா மறுபடியும் கர்ருதான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "காத்து மழையில எல்லா போட்டுக்காரங்களும் ஒண்ணா அமுக்குவாவ சார். அப்ப எங்க அப்பா சத்தம் கேக்கவே செய்யாது. அம்மையும் நானும் செட்டுக்குப் பக்கத்துலயே இருப்போம்."

வெளியே மழை பெய்வது கேட்டது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "பட்டனை அமுக்கிப் பேசிக்கிட்டிருக்கும்போது உங்க அப்பாவுக்கு இன்னொருத்தர் பேசறது கேட்குமா?"

"கேக்காது சார். பதிலு கிட்டாதப்பதான் தெரியும், நம்ம பேசினது போகல்லன்னு."

"ஆனா கம்பியில இருக்கற கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போதே மோதினது தெரிஞ்சுடும். அப்ப உன் உதாரணமும் முழுசா சரியில்லையே?"

அவள் யோசித்தாள். "அப்ப என் உதாரணம் வைஃபைக்குத்தான் சேரும். அது வர்ற அஞ்சாம் பாடத்துல போடலாம்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. முன்பு சாட்சி சொன்ன பையன் எழுந்து, "இல்ல சார், வண்டி உதாரணமே போதும், ஹாரன் அடிச்சிட்டு வரணும்னு ஒரு வரி சேத்தா சரியாயிரும்" என்றான். "ஏலே, ஹாரன் அடிச்சா மட்டும் மார்த்தாண்டத்துல எவன் வழி விடுவான்?" என்று இன்னொருவன். ஆறாம் பாடத்தில் ஒரு படத்தில் அம்புக்குறி திரும்பி இருக்கிறது என்றாள் ஒருத்தி. கம்ப்யூட்டர் முகவரிகளைப் பிரிக்கிற கணக்குக்குச் செய்து காட்டின மாதிரிகள் போதாது என்றது ஒரு கூட்டம். புத்தகங்கள் படபடவென்று திறந்தன. என் புத்தகத்தை என் கண் முன்னாலேயே கூறு போட்டார்கள். ஒவ்வொரு குறைக்கும் எனக்குள் ஒரு அடி விழுந்தது. இனி மிச்சம் ஒன்றும் இல்லை, வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன்.

மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பேராசிரியர்தான் எழுந்து என்னிடம் வந்தார். "நோட்ஸை மனப்பாடம் பண்ற பிள்ளைங்க இப்படிச் சண்டை போடாதுங்க மேடம். புத்தகம் இருக்கட்டும். மூணாம் பாடத்தை மட்டும் மாத்தி எழுதிடுங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் போன பிறகு எச்.ஓ.டி. மேடம் என் தோளைத் தட்டி, "வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

முகம் கழுவிவிட்டு வெளியே வந்தால், வராந்தாவில் அந்தப் பெண் நிற்கிறாள். கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. "மிஸ், உங்க வேலைக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியாது. இவளுவ இப்பத்தான் சொன்னாளுவ. தெரிஞ்சிருந்தா எழும்பியிருக்கவே மாட்டேன்" என்றாள்.

நல்லவேளை தெரியாமல் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் தேற்றிவிட்டுக் கேட்டேன். "இத்தன நாளு வகுப்புல என்கிட்ட ஏன் மக்கா சொல்லல்ல?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க எப்பவும் 'மனசிலாச்சா'ன்னுதான் கேப்பிய மிஸ். எல்லாரும் ஆமான்னு சொல்லுவாவ. நான் மட்டும் எப்பிடி இல்லன்னு சொல்ல?"

இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு பதிலைத்தான் எதிர்பார்த்து. சாட்சி சொல்லப் பிள்ளைகளை யாரும் பழக்க வேண்டியதில்லை, தினமும் நானே பழக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பாடத்தை மாற்றி எழுதினேன். எழுதினதை முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். அதிலும் இரண்டு இடத்தில் கோடு போட்டுத் திருப்பித் தந்தாள். இப்போது வகுப்பில் நான் 'மனசிலாச்சா' என்று கேட்பதில்லை, 'எந்த இடத்தில் புரியவில்லை' என்றுதான் கேட்கிறேன். யாராவது எழுந்து குறை சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருமே எழுந்திருக்காமல், எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டுகிற நாளில்தான் எனக்கு உண்மையான பயம் வருகிறது.