சலவை அறையில் குன்வோர் மாட்டிய கேமராக்கள்

குன்வோருக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஸ்வீடனில் லுண்ட் ஊரில் அவள் எனக்கு எதிர்வீடு. கணினியோடு இணைகிற ஐபி கண்காணிப்புக் கேமரா மாட்டுவதுதான் இருபது வருடமாக அவள் பிழைப்பு.

எங்கள் குடியிருப்புக்கே கீழ்த்தளத்தில் ஒரே சலவை அறை. அங்கே நாளும் மணியும் எழுதிய ஒரு பலகை. வேண்டிய நேரத்துக்கு நேரே வீட்டு எண் போட்ட குட்டிப் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் நம்முடையது. அடுத்தவர் நேரத்தில் துவைப்பவரை இங்கே யாரும் மன்னிப்பதில்லை. குன்வோரின் பூட்டு மட்டும் அடிக்கடி இடம் மாறியது. அவள் துவைக்கும்போது வேறொருவர் கூடையோடு வந்து நிற்பார். அவள் மேல் இரண்டு புகார் ஏறிவிட்டது. மூன்றாவது வந்தால் வீடு போய்விடும் என்றான் சங்கத் தலைவன் எஸ்கில். அவள் வீட்டைத் தன் மகளுக்குப் பிடித்துவிட அவனுக்கு ஆசை. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியும் அவனிடம்தான். சாட்சிதான் இல்லை.

அடுத்தவர் நேரத்தில் துவைக்கும் திருட்டுத்தனத்தைப் பிடிக்கக் கேமரா வேண்டும் என்று அவனே கேட்டான். கூலி வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்றாள் குன்வோர். ஓசி என்றதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

வாசலைப் பார்த்து நீளமான புல்லட் கேமரா. அது பார்க்கும் திசை குழந்தைக்கும் தெரியும். கூரையில் கறுப்புக் கிண்ணத்துக்குள் ஒரு டோம் கேமரா. இரண்டுக்கும் ஒற்றை வயரிலேயே மின்சாரமும் படமும். தேதி, மணியோடு எல்லாம் சங்கக் கணினிக்குப் போய்விடும். புகார் வந்தால் அந்தப் பதிவைக் கூட்டத்தில்தான் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"இந்தக் கிண்ணம் எங்க பாக்குது?" என்றான் எஸ்கில்.

"மெஷினத்தான்."

பச்சைப் பொய். அது பலகையைப் பார்த்தது.

அடுத்த மாதமே குன்வோர் மேல் மூன்றாவது புகார் வந்தது. கூட்டத்தில் காபியும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சுற்றிவந்தன. எல்லாரும் பார்க்கட்டும், சுவரில் பெரிதாகக் காட்டு என்றான் எஸ்கில்.

வாசல் கேமராவில் அவன் இல்லை, பின்கதவால் வந்திருக்கிறான். கிண்ணத்துப் படத்தில் முழுசாக இருந்தான்: செவ்வாய், காலை பத்தே கால், வீட்டுச் செருப்போடு, குன்வோரின் பூட்டைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுகிறான்.

பலகையைத் துடைத்தேன் என்று முணுமுணுத்தான். குன்வோர் அதே காட்சியை மூன்று முறை ஓட்டினாள். வீடு கிடைக்கும் என்று வந்து முன்வரிசையில் இருந்த அவன் மகள் எழுந்து போய்விட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குன்வோர் செயலாளரிடம் திரும்பினாள். "எஸ்கில் மேல மொதல் புகார், எழுதிக்கோ. இன்னும் ரெண்டு வேணும். எனக்கு அவசரமில்ல."

கிண்ணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எஸ்கில் தன் அழுக்குத் துணியைப் பஸ்ஸில் மகள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறான்.