கருவாடு வறுத்த வியாழக்கிழமை

எங்கள் வீட்டில் இருபது வருடமாக ஒரு சட்டம் இருந்தது. கருவாடு கூடாது. நான் வேலைக்குக் கிளம்பும்வரை வெங்காயம் வதக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் மனைவி தலையில் மல்லிகை வைக்கக் கூடாது. சட்டம் போட்டவன் நான். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஊதுபத்திக்கும் மெழுகுவத்திக்கும் வாசனை கலப்பது என் தொழில். சம்பளம் என் மூக்குக்குத்தான். கைகால்கள் அதைச் சுமந்துகொண்டு போய்வருவதற்கு.

மனைவி கடலோரத்தில் பிறந்தவள். கருவாடு தின்ன ஆசை வந்தால் அக்கா வீட்டுக்குப் போவாள். அங்கேயே குளித்துவிட்டுத்தான் திரும்புவாள். நான் இதைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

போன வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மரிக்கொழுந்தை முகர்ந்து பார்ப்பேன். ஒன்றும் வராது. பிறகு மீன் பக்கம் போய் நிற்பேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில் நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்த மீன்காரம்மா ஒருவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி புது வாசனை கேட்டார். சுற்றுலா வருபவர்கள் வாங்கிப் போக, கடற்கரையை ஒட்டிய பழைய வெள்ளைக்காரத் தெருவில் மழை பெய்து ஓய்ந்ததுபோல ஒன்று. சனிக்கிழமைக்குள் வேண்டும். உண்மையில் அங்கே மழை ஓய்ந்தால் சாக்கடைதான் நாறும். அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்வதுதான் எங்கள் கலை. புட்டியைத் தொடுவதற்கு முன் நோட்டில் எழுதிக்கொள்வது என் வழக்கம். நனைந்த சுண்ணாம்புச் சுவர், மர ஜன்னல், உப்புக் காற்று என்று எழுதினேன். ஞாபகத்தை நம்பிச் சொட்டுகளைக் கலந்தேன். காகிதத் துண்டை அதில் தோய்த்து மூக்கருகே பிடித்து, கண்ணை மூடித் தலையாட்டினேன். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் முதலியார்பேட்டை வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மனைவி சோறு போடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருவாடு வறுத்துருக்கேன். தெருமுன வரைக்கும் அடிக்குது. நீங்க பாட்டுக்கு வந்து உக்காந்துட்டீங்க. எத்தினி நாளா மூக்கு இல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தேற்றவில்லை. கருவாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சட்டைப் பையில் என்ன காகிதம் என்று கேட்டாள். கொடுத்தேன். முகர்ந்தாள். காகிதத்தைத் தள்ளிப் பிடித்து மறுபடி முகர்ந்தாள்.

"மழ பேஞ்ச வீடு சரி. ஆனா உள்ள ஆளே இல்ல. தலையில பூ வச்ச பொம்பள ஒருத்தி இருந்தா சரியாப்பூடும்."

இருபது வருடத் தொழிலில் இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. மறுநாள் இரண்டு சொட்டு மல்லிகை சேர்த்தேன். சனிக்கிழமை முதலாளி முகர்ந்துவிட்டு, காய்ச்சலுக்கு அப்புறம் உங்கள் கை இன்னும் நன்றாகி இருக்கிறது என்றார். நான் மறுக்கவில்லை.

அதன்பின் காகிதத் துண்டுகள் தினமும் வீட்டுக்கு வந்தன. வாரம் இரண்டு முறை கருவாடு. சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை, அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து ஒரு மதியம், தெருமுனையில் திரும்பும்போது கருவாடு வாடை மூக்கில் ஏறியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பூவையும் முகர்ந்ததில்லை. மூக்கு வந்துவிட்டது என்று சொன்னால் சட்டமும் திரும்ப வந்ததாக அவள் எடுத்துக்கொள்வாள். சட்டம் போட்டது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

உள்ளே போய் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டேன்.

"தெரியலயா?"

"தெரியல."

அவள் சோறு போட்டாள். தெருமுனையில் நான் பத்து நிமிடம் நின்றதாக எதிர்வீட்டுக்காரம்மா சொன்னதாகச் சொல்லிவிட்டு, எதற்கு நின்றேன் என்று கேட்டாள். வண்டி மக்கர் பண்ணியது என்றேன்.

இன்னொரு துண்டு கருவாட்டை என் தட்டில் வைத்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் மூச்சைக் கொஞ்சம் மெதுவாக இழுத்தேன்.