கால் வெள்ளி

என் தொழிலைச் சொன்னால் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பழைய பூட்டு, நின்றுபோன கடிகாரத்தின் பல்சக்கரம், மாட்டுக் கழுத்து மணி, சங்ககிரியில் லாரி உடைக்கும் இடத்தில் பொறுக்கிய பித்தளை வாசர், இவற்றையெல்லாம் கழுவித் தேய்த்துக் கழுத்துக்கும் காதுக்கும் நகையாக்குகிறேன். "காயலாங்கடைக்காரி" என்று என் அண்ணன் பெயர் வைத்திருக்கிறான். அவன் மனைவி என்னிடம் மூன்று ஜோடித் தோடு வாங்கிப் போயிருப்பது அவனுக்குத் தெரியாது.

அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறைதான் எனக்குக் கடையும் வேலை செய்யும் இடமும். பற்றவைக்கும் வேலைக்கு மட்டும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரரிடம் போவேன். நான் கொண்டுபோகும் சாமான்களைப் பார்த்ததும், "இதென்னங்க, லாரிக்குப் போக மிச்சமா?" என்பார். ஆனால் வேலை படு சுத்தம்.

போன வைகாசியில் ஜேடர்பாளையத்துப் பெண் ஒருத்தி வந்தாள். சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. கைப்பையிலிருந்து ஒரு ஜோடி பழைய மணிக் கொலுசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இறந்துபோன அம்மாவுடையது. அடுத்த வாரம் அவளுக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ள அதை மாலையாகச் செய்து தரவேண்டும் என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மாதிரி வேலைக்குத்தானே நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்!

கொலுசை மாலையாக்க வேண்டும் என்றதும் பட்டறைக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"கால்ல கெடந்த வெள்ளிங்க. கழுத்துக்கு ஏத்தக் கூடாது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தாங்கன்னா அந்தப் புள்ளைக்குத்தான் பேச்சு. வேணும்னா உருக்கிட்டு வேற செய்யுங்க. உருக்கிட்டா ஒண்ணுமில்லீங்க."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் கழன்று விழுந்த மெட்டியைக்கூடப் பூஜை அலமாரிப் பக்கம் வைக்க விடமாட்டார்கள். எனக்கோ உருக்கவும் மனசு வரவில்லை, அப்படியே மாட்டவும் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான்தான் எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே, கேட்பேனா? என் டப்பாவில் பழைய தொட்டில் சங்கிலி ஒன்றிலிருந்து கழற்றிய வெள்ளி மணிகள் இருந்தன. அதே அளவு, அதே கறுப்பு. அவற்றை வைத்து மாலையைக் கட்டி முடித்தேன். கொலுசு என் இழுப்பறைக்குள் போனது. கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் வந்தாள். மாலையைக் கையில் எடுத்தாள், காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

"நொண்டி மணி எங்கீங்க அக்கா?"

"என்ன மணி?"

"அம்மாவோட எடது கொலுசுல ஒரு மணி நசுங்கியிருக்குமுங்க. நடந்தாங்கன்னா ஜல் ஜல்லுன்னு வந்துட்டு ஒரு டக்கு கேக்கும். அதக் காணமே."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். இழுப்பறையைத் திறந்து கொலுசை எடுத்து வைத்து, பட்டறையில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாராவது எனக்கு இப்படிச் செய்திருந்தால் கடையையே இரண்டாக்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. கொலுசை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளையோட அம்மாகிட்ட முன்னாலயே சொல்லிட்டனுங்க. அவங்க சரின்னுட்டாங்க. நாளைக்கு அம்மா கால்ல உழுந்து எந்திரிக்கோணும். அந்தக் காலுக்கு நான் எங்கீங்க போறது? அதுக்குத்தான் இதக் கேட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வண்டியை எடுத்தேன். பின்னால் அவளை உட்காரவைத்து நேரே செவ்வாய்ப்பேட்டைக்கு ஓட்டினேன். பட்டறைக்காரரிடம் அவள் சொன்னதை ஒரே மூச்சில் கொட்டினேன். வழக்கம்போல என் குரல் நாலு கடைக்குக் கேட்டிருக்கும். அவர் செய்துகொண்டிருந்த வேலையை ஒதுக்கிவிட்டுக் கொலுசை வாங்கிக்கொண்டார்.

நடுவில் ஒரே ஒரு தடவைதான் தலையைத் தூக்கினார்.

"நசுங்குன மணிய நிமித்திரட்டுங்களா?"

"வேண்டாங்க!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அவரே சிரித்துவிட்டார்.

மதியத்துக்குள் மாலை தயார். கையில் கொடுக்காமல் ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அவள் அதைக் கழுத்தில் போடவில்லை. தட்டோடு தரையில் வைத்தாள். கரியும் வெள்ளிப் பொடியுமாகக் கிடந்த அந்தத் தரையில் மண்டியிட்டு, நெற்றி படக் கும்பிட்டு அப்படியே கிடந்தாள்.

பட்டறைக்காரர் கரி படிந்த கையை வேட்டியில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலே நீட்டினார்.

"நல்லா இரு சாமி."