கொடி ஜன்னலும் கதிர் ஜன்னலும்

அடையாறு ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு இரண்டு ஜன்னல். இரண்டும் பங்களா ஜன்னல். நைனாவுக்குப் பழைய வீடுகளை இடிக்கிற வேலை. மயிலாப்பூரில் ஒன்று, தி. நகரில் ஒன்று என இடித்த இடத்தில் கேட்டு வாங்கிய கிரில்களை மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து பதித்தார். கூரை தகரம், ஜன்னல் மட்டும் ஜமீன் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

அடுப்புப் பக்கம் இருந்தது கொடி. இரும்பு என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். அப்படிச் சுருண்டு நெளிந்திருக்கும், ஓர் இலை மாதிரி இன்னொன்று இருக்காது. வாசல் பக்கம் இருந்தது கதிர். கீழ் மூலையில் கால் சூரியன், அதிலிருந்து ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கோடுகள். அம்மாவுக்குக் கொடி, எனக்குக் கதிர். நைனாவும் என் கட்சி என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்குப் பொங்கல் கதிருக்குத்தான் முதலில் பெயின்ட் அடிப்பார்.

நைனா இறந்த மறுவருஷம் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்து எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். ஒரே லாரியில் மூன்று குடும்பத்துச் சாமான். ஒரு கிரில்தான் ஏறும் என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா கொடியின் மேல் கை வைத்து நின்றாள்.

"நைனா ஆசையா வச்சிருந்தது கதிரு. அத்த வுட்டுட்டு வருவியா?" என்று கத்தி அழுதேன். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். கொடி பழைய இரும்புக் கடைக்குப் போனது. புது வீட்டில் கதிரைப் பதிக்கவும் இடமில்லை, சுவரோரம் சாய்ந்து நிற்கிறது.

இப்போது ஈக்காட்டுத்தாங்கலில், வீட்டு உள் அலங்காரம் செய்யும் ஆபீசில் படம் வரைகிறேன். அங்கே ஒரு புத்தகத்தில் இரண்டையும் பார்த்தேன். கொடி பாணிக்குப் பெயர் ஆர்ட் நூவோ, கதிர் பாணிக்கு ஆர்ட் டெக்கோ. முன்னது செடியைப் பார்த்து வளைந்தது. பின்னால் வந்தது மெஷினைப் பார்த்து நிமிர்ந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்துப் பாடமே நடத்தினேன். நைனாவின் ரசனையே ரசனை என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவருக்கு இன்னாடி தெரியும்? நீ எப்பப் பாரு கோடு போட்டுக்கினு இருப்பே. பொண்ணுக்குப் புடிக்கும்னு கதிரத் தூக்கினு வந்தாரு. கொடி எனக்கு. கல்யாணம் ஆன புதுசு. பூ வாங்கினா சாயங்காலம் வாடிப்பூடும், இது இருக்கும்னாரு."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"நீ அப்டி அழுதுக்கினு இருந்தே. இன்னான்னு சொல்வேன்?"

அவர் அம்மாவுக்கென்று கொண்டுவந்த ஒரே பொருளை, அவர் பெயரைச் சொல்லியே நான் எடைக்குப் போட்டிருக்கிறேன்.