யாருக்குச் சேர வேண்டிய கடிகாரம்?

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதம். ஸ்ரீரங்கத்தில் ஒரு விடுதி வாசலில் என் டாக்ஸியில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஏறினார். அறுபது வயதிருக்கும். முசிறிக்குப் போக வேண்டும் என்றார். ஏகாதசிக் கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது.

வழியில் விஷயத்தைச் சொன்னார். விமானத்தில் தபால் போகத் தொடங்கிய புதிதில் அவருடைய தாத்தா ஒரு தபால் விமானி. ரேடியோ எல்லாம் கிடையாது. கீழே ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்தே ஓட்டுவாராம். ஒருநாள் இன்ஜின் நின்றுபோய், முசிறிப் பக்கம் காவிரியில் விமானம் கவிழ்ந்துவிட்டது. யாரோ ஒருவர் அவரை வெளியே இழுத்துப் போட்டு, தபால் மூட்டைகளையும் கரை சேர்த்தாராம். பெயர் தெரியாது. அந்தக் குடும்பத்திடம் தாத்தாவின் கைக்கடிகாரத்தைக் கொடுக்கத்தான் இவர் வந்திருக்கிறார்.

ஆற்றங்கரை டீக்கடையில் விசாரித்தேன். "ஒரு வெள்ளைக்காரரை ஆத்துலேர்ந்து காப்பாத்தினவங்க குடும்பம் இங்க இருக்காங்களா?"

"எங்க தாத்தாதாங்க" என்றார், வாழை விவசாயி ஒருவர்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ஆங்கிலத்தில் விமானத்தைப் பற்றி ஏதேதோ சொன்னார். விவசாயிக்குத் தெரிந்த கதைதானே என்று அதையெல்லாம் நான் தமிழில் சொல்லவில்லை. கடிகாரம் கைமாறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த விவசாயி போனில் வழி கேட்டு, திருச்சி பாலக்கரையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்குப் பின்பக்கம் விமானம் செதுக்கியிருக்குன்னு எம் பொண்ணு காட்டினா. எங்க தாத்தா காப்பாத்தினது, குளிக்கப் போய் சுழல்ல மாட்டின ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரைங்க. இது எங்களுக்கு உள்ளது இல்ல."

கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். வெள்ளைக்காரர், ஆறு என்று பதிலையும் சேர்த்தே கேள்வி கேட்டவன் நான்; விமானம் என்ற வார்த்தையைத்தான் சொல்லவே இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்வதா, மறைப்பதா? இரண்டு நாள் குழம்பிவிட்டு, மூன்றாம் நாள் நடந்ததை எழுதி அனுப்பினேன்.

"உரியவர் கிடைக்கும்வரை நீங்களே வைத்திருங்கள். அந்த மனிதரின் கையைப் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை" என்று பதில் வந்தது.

இன்றும் முசிறிப் பக்கம் சவாரி போனால் விசாரிக்கிறேன். விமானம் விழுந்தது ஆற்று மணலில் என்கிறார் ஒருவர். இல்லை, மண்ணச்சநல்லூர் வயலில் என்கிறார் இன்னொருவர். எது நிஜமென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கேட்டாலும், நானாக எதையும் எடுத்துக்கொடுக்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.