மந்திரமூர்த்தியின் படம்

அற்புதமணிக்கு மில்லர்புரத்தில் ‘காக்கா சார்வாள்’ என்று பெயர். நாசரேத்துக்காரர், துறைமுகத்தில் கிளார்க் வேலை. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயில் ஆராதனை முடிந்ததும் ஆக்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு கருவாடு காயும் கடற்கரைக்குப் போய்விடுவார். உப்பளத்தில் பூநாரை வந்து நிற்கும்போது காக்கையைப் போய் யாராவது படம் எடுப்பார்களா? இவர் எடுத்தார். கிட்டத்தில் போகாவிட்டால் அந்தக் கேமராவில் காக்கை வெறும் கரும்புள்ளியாகத்தான் விழும். கிட்டத்தில் போகக் காக்கை இடம் கொடுக்க வேண்டுமே!

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் அவசரப்பட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பூவரசில் ஏணி சாத்தி, கூட்டுக்குள் கேமராவை நீட்டினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? உச்சந்தலையில் விழுந்த கொத்து ஆறிவிட்டது. காக்கைகளின் கோபம் ஆறவில்லை. குடையில்லாமல் அவரால் ஆபீசுக்குப் போக முடியவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளின் புருஷன் மந்திரமூர்த்தி இறந்து வருஷம் கழிந்து வரும் முதல் அமாவாசை. மதில்மேல் இலை போட்டுச் சோறு வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டாள். காக்கை எடுத்த பிறகுதான் அவள் பச்சைத்தண்ணீர் குடிப்பாள்.

மதிலுக்கு இந்தப் பக்கம், கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் அற்புதமணி கேமராவோடு நின்றார். காக்கை சோறெடுக்கும் படம் அவருக்கு வெகுநாள் ஆசை. போர்வை காக்கையை ஏய்க்குமா? பூவரசு நிறையக் காக்கைகள் இருந்து கத்தின, ஒன்றும் இறங்கவில்லை.

வெயில் ஏறியது.

“எம்மேல இன்னும் கோவமா? ஒரு வாய் எடுத்துக்கிடக் கூடாதா?” என்று பிச்சம்மாள் இலையைப் பார்த்து அழுதாள்.

அது போனவர் கோபமல்ல, தன்மேல் உள்ள கோபம் என்று அற்புதமணிக்குத் தெரியும். வெட்கமாகிவிட்டது. கேமராவோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் மதிலில் சிறகடிப்புக் கேட்டது. கை துறுதுறுத்தது, ஆனாலும் எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் பிச்சம்மாள் வடை கொண்டுவந்தாள். “படைக்குமுன்ன எடுத்து வச்சது, வேதக்காரவிய நீங்களும் சாப்பிடலாம். அவிய வந்து எடுத்துட்டாவ சார்வாள். படம் பிடிச்சியளா?”

“இல்லம்மா. நான் நின்னா எறங்காதுன்னு உள்ள போயிட்டேன்.”

அவள் முகம் வாடிவிட்டது. “போர்வைக்குப் பின்னால நின்னது தெரியும். படம் கெடைக்குமேன்னுதான் நான் ஒண்ணும் சொல்லல. போட்டோ எடுத்தா ஆயுசு கொறயும்னு அவிய கடைசிவரை நிக்கவே இல்ல. வீட்டுல மாட்ட ஒரு படம் கெடையாது.”

எடுக்காமலே ஐம்பதில் போனவர் மந்திரமூர்த்தி.

அற்புதமணி பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, தம் காக்கைப் படங்களையெல்லாம் அவள் முன்னால் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினாள். தோணித்துறையில் எடுத்த ஒரு படத்தில், மூட்டைமேல் உட்கார்ந்த காக்கை தலை சாய்த்து முறைத்துக்கொண்டிருந்தது. மந்திரமூர்த்தி அங்கேதான் சுமை தூக்கினார்.

“இவியதான்,” என்றாள். “சோறு பிந்துனா இப்படித்தான் பாப்பாவ.”

அற்புதமணியே கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுக் கொடுத்தார். ஆயுள் முழுக்க அவர் எடுத்த படங்களில் பொட்டும் மாலையுமாகச் சுவர் ஏறியது அந்த ஒன்றுதான்.